மூடியில் வைத்த பொட்டு

மகனே,

உன் கடிதம் வந்தது. நலமா என்று கேட்டுத் தொடங்குவதுதான் முறை. ஆனால் நீ மெஷின் ரம்பம் நலமா என்று கேட்டுத் தொடங்கியிருக்கிறாய். பக்கத்துக்குப் பக்கம் அதைத்தான் விசாரித்திருக்கிறாய். செயினுக்கு எண்ணெய் விடுகிறீர்களா, பெட்ரோலில் ஆயில் சரியாகக் கலக்கிறீர்களா, மழையில் நனைய விட்டீர்களா. அப்பனைப் பற்றி விசாரித்தது கடைசி வரியில் மடிப்பு ஓரத்தில் கிடந்தது. கோபத்தில் எழுதவில்லை, சிரித்துக்கொண்டேதான் எழுதுகிறேன். உன் அம்மா இருந்திருந்தால், "நைனாவுக்குத் தப்பாத புள்ள" என்று ஒரே பேச்சில் நம் இருவரையும் இடித்திருப்பாள். நானும் உனக்கு எழுதுகிற கடிதத்திலெல்லாம் வேலையைத்தானே விசாரிக்கிறேன்.

நீ எழுதியிருந்ததில் ஒன்றுதான் என்னைத் தூங்கவிடவில்லை. "மஸ்கட்டில் இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள் நைனா. மெஷின் ஒழுங்காக ஓடுகிறது என்றால் போட்டுவிடுகிறேன். ஓடவில்லை என்றால் சொல்லுங்கள். நீங்கள் ஒண்டியாகக் கஷ்டப்பட வேண்டாம். நான் வந்து ரம்பத்துக்கு இன்னொரு பக்கம் நிற்கிறேன்" என்று எழுதியிருந்தாய். பதில் எழுத ஒரு வரி போதும். ஓடுகிறது, அல்லது ஓடவில்லை. அந்த ஒரு வரியை எழுத முடியாமல்தான் பொங்கல் கழிந்தும் கடிதம் போடாமல் இருந்தேன். என்ன நடந்தது என்று முதலிலிருந்து சொல்கிறேன், பொறுமையாகப் படி. அங்கே வெள்ளிக்கிழமை லீவுதானே.

நம் தொழில் உனக்குத் தெரியாததில்லை. மானாம்பதியிலோ புள்ளலூரிலோ நிற்கிற மரத்தைப் பேசி வாங்கி, சாய்த்து, அறுத்து, செங்கல் சூளைக்கும் விறகுத் தொட்டிக்கும் வண்டி ஏற்றிவிடுவது. அத்தனையும் அந்த ரெண்டாள் ரம்பத்தை வைத்துத்தான். ஒரு பக்கம் நான், மறுபக்கம் என் கூட்டாளி ஏகாம்பரம். நீ படிப்பை முடித்து மஸ்கட்டுக்குக் கிளம்புகிறவரைக்கும், அவன் வராத நாளில் நீ. அந்த ரம்பத்தை இழுக்கலாம், தள்ளக் கூடாது. தள்ளினால் பட்டை வளைந்து வெட்டிலேயே சிக்கிக்கொள்ளும். நீ உன் பங்குக்கு இழுத்துவிட்டுக் கையைத் தளர்த்த வேண்டும், எதிரில் இருப்பவன் அவன் பங்குக்கு இழுத்துக்கொள்வான். கைப்பிடியை மட்டும் விட்டுவிடக் கூடாது. எனக்கு அது வேலையாகவே தெரிந்ததில்லை, ஏனென்றால் நாள் பூராவும் எதிரில் ஒரு முகம் இருந்தது.

உன் அம்மாவும் ஒரு நாள் இழுத்திருக்கிறாள், உனக்குத் தெரியுமா? ஏகாம்பரம் சாவு வீட்டுக்குப் போய்விட்டான். சூளைக்காரரின் லாரி வந்து நிற்கிறது, புளியமரம் பாதியில் கிடக்கிறது. எனக்குச் சோறு கொண்டுவந்தவள், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எதிரில் உட்கார்ந்துவிட்டாள். நன்றாகவே இழுத்தாள். இழுத்த நேரமெல்லாம் பேசிக்கொண்டே இருந்தாள், நானும் பதில் சொல்லிக்கொண்டே இருந்தேன். துண்டு விழுந்ததும் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "இத்தத்தான் தெனம் பண்ணிக்கினு கீறீங்களா ரெண்டு பேரும்? நான் வேலை செய்றீங்கன்னு இல்ல நெனச்சிக்கினு இருந்தேன்" என்றாள். வீட்டில் வாயைத் திறக்காத மனுஷன் மரத்தடியில் இவ்வளவு பேசுகிறானா என்று அவளுக்கு ஆச்சரியம். அதற்குப் பிறகு என்னிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் தோப்புக்குச் சோறு எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள்.

அவள் போன பிறகு வந்த லீவில்தான் நீ மெஷினைக் கொண்டுவந்தாய். கம்பெனி தோட்டத்தில் பேரீச்சை மட்டை அறுத்த பழைய மெஷின், ஆனாலும் ஆனை மாதிரி மெஷின். துண்டுக்குள்ளும் போர்வைக்குள்ளும் சுற்றி மீனம்பாக்கத்தில் இறக்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாய். எங்களுக்கு ஒரு பொழுது பிடிக்கிற மரத்தை, வெற்றிலை போட்டுத் துப்புவதற்குள் அறுத்துக் காட்டினாய். ஊரே வந்து வேடிக்கை பார்த்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை, அதை மறைக்க, "பெட்ரோல் ரொம்பக் குடிக்குமே" என்றேன். நீ முகம் சுண்டிப் போனாய். பெருமையாக இருந்தது என்று இப்போது சொல்கிறேன், வைத்துக்கொள்.

நீ ஊருக்குப் போன பிறகு ஏகாம்பரம் கொஞ்ச நாள் மெஷின் பக்கத்தில் நின்று கிளை தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தான். அப்புறம் அவனே, "எனுக்கு இங்க இன்னா வேலை கீது சொல்லு. நான் எம் பொண்ணு வூட்டாண்ட போறேன்" என்று வாலாஜாபாத்துக்குப் பஸ் ஏறிவிட்டான். தடுக்க எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. மெஷின் ஓடும்போது நம் குரல் நமக்கே கேட்பதில்லை. நிறுத்திவிட்டுப் பேசலாம் என்றால் எதிரில் ஆள் இல்லை. காலையில் ஒரு முறை சோறு வடித்தால் மூன்று வேளைக்கும் அதுதான். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பழக்க தோஷத்தில் "ரெண்டு டீ" என்று சொல்லிவிட்டு, திருத்தக் கூச்சப்பட்டுக்கொண்டு இரண்டையும் நானே குடித்திருக்கிறேன். கடைக்காரன் ஒன்றும் கேட்கவில்லை, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஆயுத பூஜை வந்தது. மெஷினுக்கு முதல் ஆயுத பூஜை. ரெண்டாள் ரம்பம், கோடாலி, கொடுவாள் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து வரிசையாக வைத்து, நடுநாயகமாக உன் மெஷினை வைத்தேன். உன் அம்மா செய்கிற மாதிரியே சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். மெஷினுக்கு எங்கே வைப்பது என்று பார்த்தால், பெட்ரோல் ஊற்றுகிற மூடி வட்டமாக நெற்றி மாதிரி இருந்தது. அதன் நட்டநடுவில் தாராளமாக அப்பி, மேலே குங்குமமும் வைத்தேன். பார்க்க லட்சணமாக இருந்தது. உனக்குப் போட்டோ எடுத்து அனுப்ப ஆளில்லையே என்றுகூட நினைத்தேன்.

அதற்கப்புறம்தான் பிடித்தது சனியன். கயிற்றை இழுத்தால் ஸ்டார்ட் ஆகிறது. மெதுவாக விட்டால் சமர்த்தாக ஓடுகிறது. மரத்தில் வைத்து ரேஸ் கொடுத்தால், ஒரு இருமல், பொட்டென்று நின்றுவிடுகிறது. மறுபடி இழுத்தால் மறுபடி அதே கதை. அது ஐப்பசி மழைக்காலம், பெட்ரோலில் தண்ணீர் இறங்கிவிட்டது என்று நினைத்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் புதிதாக வாங்கி ஊற்றினேன். கொஞ்ச நேரம் ஓடியது, திரும்ப நின்றது. நீ சொல்லிக்கொடுத்த மாதிரி பிளக்கைக் கழற்றிக் கரி சுரண்டினேன். காற்று வடிகட்டியில் மரத்தூள் அடை அடையாக இருந்தது, அதையும் அலசிப் போட்டேன். அதற்கும் மசியவில்லை.

சைக்கிள் கடையை மொபெட் கடையாக மாற்றினானே கன்னியப்பன், அவனிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவன் முதலில் மூடியைத் திறந்து பெட்ரோல் இருக்கிறதா என்று பார்த்தான். பிறகு மூடிவிட்டு ஸ்டார்ட் பண்ணி ரேஸ் கொடுத்தான். கடை அதிர ஓடியது. "இன்னா மாமா, நல்லாத்தான கீது? நீங்க புடிக்கிற புடியில பயந்துக்கினு நின்னுடுது போல" என்று சிரித்தான். தூக்கிக்கொண்டு தோப்புக்குப் போனால் நின்றுவிட்டது. திரும்பக் கடைக்கு. அவன் திரும்ப மூடியைத் திறந்து பார்த்தான், மூடினான், ஓட்டினான், ஓடியது. டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் விட்டுப்போகிற பிள்ளை மாதிரி என் மானத்தை வாங்கியது. கடைசியில் அவனும் கார்பரேட்டரைப் பிரித்து ஊதி, டேங்குக்குள் குழாய் முனையில் இருக்கிற வடிகட்டியை மாற்றி, ஸ்குருவை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திருகிப் பார்த்துவிட்டு, "பேஜாரா கீது மாமா. வெளிநாட்டு ஐட்டம். தம்பிக்கே லெட்டர் போட்டுக் கேட்டுடுங்க" என்று கையைத் துடைத்துக்கொண்டான்.

மானாம்பதியில் பேசி முடித்த புளியமரம் காத்துக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் வாலாஜாபாத்துக்கு ஆள் சொல்லி அனுப்பினேன். ஏகாம்பரம் மறுநாளே மஞ்சள் பையோடு முதல் பஸ்ஸில் வந்து இறங்கினான். எரவாணத்தில் செருகியிருந்த ரம்பத்தை எடுத்துத் துடைத்து, இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தோம். மருமகன் வீட்டில் பீடி குடிக்க விடுவதில்லை, கொல்லைப் பக்கம் ஒளிந்து குடிக்க வேண்டியிருக்கிறது என்று அவன் மூக்கால் அழுதான். "மாமனாருன்னு பேரு, பள்ளிக்கூடத்துப் பையன் கணக்கா ஒளிஞ்சி ஒளிஞ்சி குடிக்கிறேன்டா" என்றான். நான் சிரித்த சிரிப்பில் ரம்பம் கோணிக்கொண்டது. வெகு நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் எனக்குச் சாப்பாடு ருசித்தது. மெஷின் கெட்டதும் நல்லதாகப் போயிற்று என்று தோன்றியது. அந்த நேரத்தில்தான் உன் கடிதம் வந்தது, ஓடவில்லை என்றால் வந்துவிடுகிறேன் என்று.

ஞாயிற்றுக்கிழமை ஏகாம்பரம் பெண் வீட்டுக்குப் போயிருந்தான். சும்மா இருக்க முடியாமல் மெஷினை எடுத்துக் கொல்லையில் வைத்து ஓட்டினேன். வழக்கம்போல ரேஸ் கொடுத்ததும் படுத்துவிட்டது. சரி, உள்ளே கிடக்கிற பெட்ரோலையாவது வடித்துவைப்போம் என்று மூடியைத் திருகினேன். கோலி சோடாவை உடைத்த மாதிரி 'உஸ்' என்றது. ஆனால் காற்று வெளியே வரவில்லை, உள்ளே போயிற்று. எனக்குப் பொறி தட்டியது. மூடியை லேசாக மட்டும் வைத்துவிட்டு ஓட்டினேன். எவ்வளவு ரேஸ் கொடுத்தாலும் நிற்கவில்லை. இறுக்கி மூடி ஓட்டினேன், சற்று நேரத்தில் நின்றது. மூடியைக் கையில் எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தேன். நடுவில் எறும்பும் நுழையாத ஓர் ஓட்டை, அதற்குள் என் சந்தனம் சிமெண்ட் மாதிரி காய்ந்து கிடந்தது. டேங்குக்குள் காற்று போக அந்த ஒரு வழிதான். காற்று போகாவிட்டால் உள்ளே இருக்கிற பெட்ரோல் எப்படி இறங்கும்? மெதுவாக ஓடும்போது தேவைப்படுகிற ஒரு சொட்டு வந்துவிடுகிறது, நிறையக் கேட்டால் வருவதில்லை. கன்னியப்பன் ஒவ்வொரு தடவையும் மூடியைத் திறந்து திறந்து பார்த்ததால்தான் அவன் கடையில் ஓடியிருக்கிறது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காக முடிந்தது என்பார்களே, நான் சாமி கும்பிட்டே மெஷினின் மூச்சை அடைத்திருக்கிறேன்.

துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சியை ஒடித்துக் குத்தினால் வந்துவிடும். குச்சியை ஒடித்துக் கையிலும் எடுத்துவிட்டேன். குத்தவில்லை. மூடியை அப்படியே திருகி மூடி, மெஷின் மேல் சாக்கைப் போட்டுவிட்டேன். ஏன் என்று உனக்குச் சொல்ல வேண்டுமா? நீ வருவாய் என்றுதான். மெஷின் ஓடவில்லை என்று எழுதினால் அது பொய்யும் இல்லை, ஓடவில்லைதானே என்று எனக்கு நானே நியாயம் பேசிக்கொண்டேன். வக்கீல் தோற்றுப் போவான். உன் கட்டிலை வெயிலில் போட்டுத் தட்டினேன். நீ வந்தால் ரம்பத்தில் எந்தப் பக்கம் உட்காருவாய் என்றுகூட யோசித்தேன். அடுத்த நாள் ஏகாம்பரம் பஸ்ஸிலிருந்து இறங்கியதும், "மெஷினு ரெடியாச்சாடா?" என்று கேட்டான். "எங்க ஆவுது, அது அவ்ளோதான்" என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு சொன்னேன்.

அடுத்தது புள்ளலூரில் ஒரு வேப்பமரம். வைரம் பாய்ந்த மரம். மதியத்துக்கு மேல் ரம்பம் வளைந்து வெட்டுக்குள் மாட்டிக்கொண்டது. எடுத்து, திரும்ப இழுத்தோம், திரும்ப மாட்டியது. எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது.

"இன்னாடா, பச்சப்புள்ள மாதிரி தள்ற?"

"தள்ளலடா. இஸ்க்க முடியல. நீ இஸ்க்கும்போது கை தானா முன்னால வந்துடுது."

நான் அப்போதுதான் அவன் கையைப் பார்த்தேன். பீடியைப் பற்றவைக்கக் குச்சி உரசுகிறான், குச்சி பெட்டியில் படவில்லை. நான்தான் உரசிக் கொடுத்தேன்.

"முடியலன்னா வாயத் தொறந்து சொல்லக்கூடாதா?"

"சொன்னா நீ இன்னா பண்ணுவ? வூட்ல ஒண்டியாக் குந்திக்கினு செவுத்தப் பாத்துக்கினு இருப்ப. அந்தக் கழுத மெஷினு வேற படுத்துக்கிச்சு. அத்தொட்டுதான் வந்தேன். இந்த வயசுல மரம் அறுக்கணும்னு எனுக்கு இன்னா தலையெழுத்தா?"

அந்த ஈர்க்குச்சி வீட்டில் மாடக்குழியில்தான் கிடந்தது. அவன் எனக்காக இழுத்துக்கொண்டிருக்கிறான், நான் அவனை ஏமாற்றி இழுக்கவைத்துக்கொண்டிருக்கிறேன். அவனாவது வாய்விட்டுச் சொன்னான். நீ சொல்லமாட்டாய். உன்னை எனக்குத் தெரியும். கையெழுத்தை விட்டுவிட்டு வந்து, எதிரில் உட்கார்ந்து, மனசுக்குள் எதையோ வைத்துக்கொண்டு நாள் பூராவும் இழுப்பாய். நானும் எதிரில் உட்கார்ந்துகொண்டு அது தெரியாத மாதிரி இழுத்துக்கொண்டிருப்பேன். அன்றைக்கு அதற்கு மேல் வேலை செய்யவில்லை. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக மூடியைக் கழற்றி ஓட்டையைக் குத்தினேன். சந்தனம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. பெட்ரோலில் கழுவி வாயால் ஊதினேன், காற்று தாராளமாகப் போயிற்று. எனக்கு அழுகை வந்துவிட்டது. பெட்ரோல் நெடி என்று சொல்லித் தப்பிக்கலாம், ஆனால் அது இல்லை.

காலையில் வேப்பமரத்தை மெஷினால் அறுத்தேன். ஏகாம்பரம் ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். பொட்டு வைத்த கதையைச் சொன்னதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "எப்ப கண்டுபுடிச்ச?" என்றான். "நேத்து சாயங்காலம்" என்று சொல்லிவிட்டேன். அவனிடம் சொல்லாததை உன்னிடம் சொல்லியிருக்கிறேன், உன்னோடு இருக்கட்டும். இனிமேல் அவன் வரமாட்டான் என்று நினைத்து, பஸ்ஸில் ஏற்றும்போது ஒரு மாதிரியாக நின்றுகொண்டிருந்தேன் போலிருக்கிறது. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "இன்னாடா அப்டி பாக்குற? மெஷினு ஓடுனா நான் வரக்கூடாதா? டீ குடிக்க வரமாட்டனா?" என்றான். பொங்கலுக்கு ஒரு நடை வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து ஒளியாமல் பீடி குடித்துவிட்டுப் போனான்.

மகனே, உனக்குப் புத்தி சொல்லும் வயதை நீ தாண்டிவிட்டாய். ஆனாலும் அப்பன் வாய் சும்மா இருக்காது. போன மழைக்காலத்தில் நீ காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தாயாம். உன் அறையில் தங்கியிருக்கிற பையன் லீவில் வந்தபோது சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்த மாதம் எனக்கு வந்த கடிதத்தில் 'சௌக்கியம்' என்று போட்டிருந்தாய். நானும் இங்கிருந்து 'சௌக்கியம்' என்று போட்டேன். இரண்டு பேரும் மூடியை இறுக்கி மூடிவைத்துக்கொண்டு கடிதம் போட்டுக்கொண்டிருக்கிறோம். இனிமேல் உடம்புக்கு முடியாவிட்டால் எழுது. மனசு சரியில்லாவிட்டாலும் எழுது. என்னால் அங்கே வந்து ஒன்றும் செய்ய முடியாதுதான், உன் கடிதத்தைப் படித்துவிட்டு இங்கே உட்கார்ந்திருக்கத்தான் முடியும். ஆனாலும் எழுது.

நானும் எழுதுகிறேன். நான் தனியாக இருக்கிறேன். இப்படி எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் எழுதிவிட்டேன். சாயங்காலம் ஆனால் வீட்டுக்குள் போகக் கால் வருவதில்லை. உன் அம்மா உட்கார்ந்து முறத்தில் அரிசி புடைத்த இடத்தில் இப்போது உன் மெஷினை வைத்திருக்கிறேன், அந்த இடம் காலியாக இருக்க வேண்டாம் என்று. உன்னைப் பார்க்க வேண்டும்போல இருக்கிறது. அதற்காக நான் உன்னைத் தள்ளமாட்டேன், எந்தப் பக்கமும் தள்ளமாட்டேன். கையெழுத்துப் போடுவதும் போடாததும் உன் இஷ்டம். என் பக்கத்துக் கைப்பிடியை நான் விடவில்லை.

நீ கேட்டதற்குப் பதில்: மெஷின் நன்றாக ஓடுகிறது. எத்தனை ரேஸ் கொடுத்தாலும் நிற்பதில்லை. அடுத்த ஆயுத பூஜைக்குக் கைப்பிடியில் பொட்டு வைத்துக்கொள்கிறேன். மெஷினுக்காக நீ வர வேண்டாம். அப்பனைப் பார்க்க வேண்டும் என்று தோன்றினால் வா. அதற்கு இங்கே எதுவும் கெட்டுப்போயிருக்க வேண்டியதில்லை.

உன் நைனா